பனிக்காலத்திலும் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டலாம்: துருப்பிடிக்காமல் காப்பது எப்படி

என் முதல் ஸ்போர்ட்ஸ் காரில், கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான பழுப்புத் தூள் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவரை அந்த இடத்தில் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. ஓரத்தில் கடுகு அளவுக்கு இரண்டு கொப்புளம், அவ்வளவுதான். வாரம் தவறாமல் கழுவி, வேக்ஸ் போட்டுத் துடைத்து வைத்திருந்த வண்டி. துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது.

வெல்டிங்குக்காகத் தகட்டை வெட்டியபோதுதான் காரணம் தெரிந்தது. துணிக்கூரையில் விழும் தண்ணீர் வடிவதற்கு இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு குழாய் உண்டு. இரண்டிலும் மக்கிய இலை அடைத்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் சில்லுக்குள் இறங்கி, சாலையில் பனி உறையாமல் இருக்கத் தூவும் உப்போடு அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த சேற்றில் கலந்து மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. சில் என்று நான் சொல்வது கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகட்டை. மேலே கூரை இல்லாத கார்களில் உடல் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவது பெரும்பாலும் அதுதான். அது போனால் வண்டிக்கு இடுப்பு ஒடிந்த மாதிரி.

இப்போது வைத்திருப்பதும் அதே ரகம்தான்: இரண்டு சீட், பின்சக்கர இயக்கம், துணிக்கூரை. ஒன்பது பனிக்காலம் ஓட்டிவிட்டேன், சில் இரண்டும் உறுதியாக இருக்கின்றன. பளபளப்பில் செலவிட்ட நேரத்தைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது, சேறு எங்கே தங்குகிறது என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதுதான்.

உப்பு என்ன செய்கிறது

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால் துருப்பிடிப்பது மின்வேதி வினை; உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், உப்பு சேர்ந்ததும் வினை வேகம் பிடிக்கிறது. இதைவிட மோசமான இன்னொரு குணமும் உப்புக்கு உண்டு. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சாதாரண சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்துவிடும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கால்சியம் குளோரைடும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த மூன்றுமே சாலையில் இருக்கலாம். சோடியம் குளோரைடால் தண்ணீரின் உறைநிலையை அதிகபட்சம் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரைதான் இறக்க முடியும். நடைமுறையில் மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே மந்தமாகிவிடும். அதனால் கடுங்குளிர் உள்ள இடங்களில் மற்ற இரண்டையும் கலந்தோ, கரைசலாகத் தெளித்தோ பயன்படுத்துகிறார்கள். அவை ஒட்டிய கார், பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் தகட்டு மடிப்புகளுக்குள் ஈரமாகவே இருக்கும்.

ஆகவே உப்புச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பதைவிட, ஈரமான உப்பு தகட்டின் மேல் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதுதான் முக்கியம். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் கூடுதல் கஷ்டம். தரையோடு தரையாக ஓடுவதால் அகலமான டயர் வாரியடிக்கும் உப்புக்கூழ் எல்லாம் அடிப்பாகத்துக்கே வந்து சேரும். காற்றோட்டத்துக்காக அடியில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் மூடிகள் அந்தக் கூழைத் தட்டு மாதிரி ஏந்தி வைத்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் வண்டி எதனால் ஆனது என்று பாருங்கள்

போர்ஷே 911 போன்ற சில கார்களின் உடல் துத்தநாகம் பூசிய தகடு. அந்தக் காரில் இது 1976 மாடலிலிருந்து வந்தது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டுக்கொண்டு இரும்பைக் காக்கும். ஆனால் அது தீர்ந்துபோகிற காவல். கல்லடி பட்ட இடத்திலும் பின்னால் வெட்டி வெல்டிங் செய்த இடத்திலும் அதை நம்ப முடியாது. கார்வெட் 1953-லிருந்தே ஃபைபர் உடலோடு வருகிறது. உடல் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, பழைய கார்வெட்களில் அடியில் இருப்பது இரும்புச் சட்டம். 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் மாதிரி அலுமினிய உடல் என்றால் பழுப்புத் துரு வராது. அதற்குப் பதில் இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் உப்புத் தண்ணீர் பட்டு, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அப்படிப்பட்ட வண்டியில் போல்ட் தலைகளைச் சுற்றித்தான் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண இரும்புத் தகடு என்றால், என்னுடையது மாதிரி, கீழே சொல்லும் எல்லாமே உங்களுக்குப் பொருந்தும்.

பனி வருவதற்கு முன்னால்

வெயில் மிச்சமிருக்கும் காலத்தில், 15 டிகிரிக்கு மேல் இருக்கும் நான்கைந்து நாட்களை இதற்கென்று ஒதுக்குங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். ஜாக் தகட்டைத் தொடும் இடத்தில் ரப்பர் கட்டை வையுங்கள். ஜாக் வைத்து வைத்தே பெயின்ட் உரிந்து, அங்கிருந்து துரு ஆரம்பிப்பதை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை வடிதுளைகள். கூரைக் குழாய், கதவின் அடி விளிம்பு, சில்லின் அடி, டிக்கியின் மூலைகள், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பருக்கு அடியில் இருக்கும் வாய்க்கால், எல்லாவற்றிலும் துளை இருக்கும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் பெயின்டைக் கீறிவிடும், குழாயையும் கிழித்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் இழை இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நுனியை லைட்டரில் காட்டி மழுங்கடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியை வாங்கிய முதல் வாரம் நான் இதைச் செய்தபோது, இழை ஒரு சாண் இறங்கியதும் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. விரல்களுக்கிடையே உருட்டி உருட்டித் தள்ளினேன். சட்டென்று வழிவிட்டது. சக்கரத்துக்கு முன்னால், தரையில் கரும்பழுப்புத் தண்ணீர் பொளபொளவென்று கொட்டியது. அரை வாளி இருக்கும். கடைசியில் இலைக் காம்புகளும் ஒரு கொத்து மண்ணும் வந்தன. ஒரு கோப்பை நல்ல தண்ணீரை மேலே ஊற்றினால் அதே வேகத்தில் கீழே வர வேண்டும். அதுதான் சோதனை. கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் அதற்குப் பிறகு வரும் தண்ணீர் எல்லாம் நேராக சில்லுக்குத்தான்.

அடுத்தது வீல் ஆர்ச்சுக்குள், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் குழிக்குள், இருக்கும் பிளாஸ்டிக் லைனர். அதைக் கழற்ற சோம்பல்பட்டு வெளியிலிருந்தே தண்ணீர் அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கழற்றிப் பாருங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டரும் (சக்கரத்தை மூடும் வெளித்தகடு) சில்லும் சேரும் மூலையில், செங்கல் போல இறுகிய சேறு உட்கார்ந்திருக்கும். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், விரலால் தோண்டினால் உள்ளே கறுத்து ஈரமாக இருக்கும். வெளியே வாரக்கணக்கில் மழையே இல்லாவிட்டாலும் அது காயாது. காயத்துக்குப் பத்துப் போட்ட மாதிரி உப்பையும் ஈரத்தையும் தகட்டோடு அணைத்து வைத்திருக்கும். என் கணிப்பில், காரைக் கொல்வது சாலையில் பறக்கும் உப்பைவிட இந்தச் சேறுதான். கையால் அள்ளி எடுத்துவிட்டு, அழுத்தம் குறைவான தண்ணீரை நிறைய விட்டு, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். லைனரின் கிளிப்புகள் பாதி உடையும், புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிமூடிகளையும் இதே சமயத்தில் கழற்றிக் கழுவிவிடலாம்.

அப்புறம் காய விடுங்கள். குறைந்தது இரண்டு முழு நாள். மின்விசிறி இருந்தால் சில் துளைப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த கணக்குதான்.

காய்ந்ததும் துரு தெரியும் இடங்களைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் தேயுங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது. எனவே கொப்புளத்தின் விளிம்போடு நிறுத்தாமல், ஒட்டுவிட்ட பெயின்ட் முழுவதையும் சுரண்டி, நல்ல தகடு தெரியும்வரை போக வேண்டும். குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றி பூசி, அது முழுதாகக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட். தகடு ஓட்டையாகிவிட்டால் பட்டி பார்த்து மூடாதீர்கள். சில்லும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களும் வண்டியின் பலம். அங்கே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்றுதான் வழி.

கேவிட்டி வேக்ஸ்

தகட்டுப் பெட்டிகளின் உட்புறத்தைக் காப்பதற்கென்றே வரும் மெழுகு இது. நீளமான மெல்லிய குழாயும், நாலாபக்கமும் தெளிக்கும் நுனியும் சேர்ந்த ஸ்ப்ரே டப்பாவாக வாங்குங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடேற்றினால் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் நன்றாக ஊரும். வெந்நீர் கூடாது, அடுப்புப் பக்கமே போகக் கூடாது, அதிலிருப்பது எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. சில்லின் ஓரங்களில் ரப்பர் அடைப்பான் போட்ட துளைகள் இருக்கும். அடைப்பானை எடுத்து, குழாயைக் கடைசிவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். வடிதுளையிலிருந்து மெழுகு சொட்ட ஆரம்பித்தால் உள்ளே போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சில், கதவின் உள்ளடி, டிக்கி மூடியின் விளிம்பு, முன்பக்கச் சட்டங்கள், இவ்வளவும் வேண்டும். சீட் பெல்ட் இழுப்பான், ஏர்பேக் சென்சார், ஜன்னல் மோட்டார் இருக்கும் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள்.

முடித்த மறுநாள் அதே நைலான் இழையால் எல்லா வடிதுளைகளையும் மறுபடி திறந்துவிடுங்கள். இதை மறந்தால் நம் கையாலேயே துளையை அடைத்த மாதிரி ஆகிவிடும்.

அடிப்பாகத்தின் வெளிப்புறத்துக்கு நான் லேனோலின், அதாவது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு சேர்ந்த பூச்சு பயன்படுத்துகிறேன். காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும், கல் பட்டாலும் உரியாது, ஆனால் தண்ணீர் அடிபடும் இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிரேக் டிஸ்க், பேட், சைலன்ஸர், பெல்ட், ரப்பர் புஷ் எதிலும் படக் கூடாது. பிளாஸ்டிக் பைகளால் மூடிக் கட்டிவிட்டு அடியுங்கள். கறுப்பு ரப்பர் மாதிரி கெட்டியாக இறுகும் அண்டர் கோட்டிங்கைப் பழைய வண்டிக்குப் போட வேண்டாம் என்றே சொல்வேன். அது ஒரு இடத்தில் விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய்த் தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே நின்றுவிடும், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேட்டரியில் இணைத்தால் துரு வராது என்று விற்கும் மின்னணுப் பெட்டிகளையும் வாங்காதீர்கள். அந்த மாதிரிப் பாதுகாப்பு கப்பலுக்கும் மண்ணுக்குள் போகும் குழாய்க்கும் பலிக்கும், ஏனென்றால் அவை முழுக்கத் தண்ணீரிலோ ஈரமண்ணிலோ கிடந்து மின்சுற்று முழுமையாகிறது. சாலையில் ஓடும் காருக்கு அது கிடையாது.

மேல் பெயின்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவி, க்ளே (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிக்கட்டி) தேய்த்து, சீலன்டோ வேக்ஸோ போடுங்கள். மூக்கிலும் வீல் ஆர்ச் விளிம்பிலும் கல்லடிப் புள்ளிகள் இருந்தால் குளிருக்கு முன்பே டச்-அப் செய்துவிடுங்கள். குளிர்ந்த தகட்டில் பெயின்ட் பிடிக்காது. முடிந்தால் பனிக்காலத்துக்கென்று வேறொரு செட் சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள். 7 டிகிரிக்குக் கீழே எப்படியும் பனிக்கால டயர் வேண்டும். நல்ல அலாய் சக்கரங்கள் உப்பில் அடிபடாமலும் இருக்கும். மாட்டும்போது ஹப்பின், அதாவது சக்கரம் பொருந்தும் மையப்பகுதியின், முகத்தில் மட்டும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் அலுமினியச் சக்கரம் இரும்பு ஹப்போடு பிடித்துக்கொண்டு வராது.

பனி விழ ஆரம்பித்த பிறகு

உப்பு தெளித்த முதல் நாள், சாலையில் கூழாக ஓடும்போது, முடிந்தால் வண்டியை எடுக்காமல் இருங்கள். ஒரு நல்ல மழை பெய்து சாலை கழுவப்பட்ட மறுநாள் ஓட்டுவது எவ்வளவோ மேல். சாலை வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது என்று ஏமாறாதீர்கள், அந்த வெண்மை முழுக்க உப்புத்தூள். உப்பு தெளிக்கும் லாரி முன்னால் போனால் விலகி வாருங்கள்.

கழுவுவதற்குத் தேதி கிடையாது, வெப்பநிலைதான் கணக்கு. பகலில் 4, 5 டிகிரிக்கு ஏறும் நாள் வந்தால் உடனே கழுவிவிடுகிறேன். கீழிருந்து ஆரம்பியுங்கள். முதலில் வீல் ஆர்ச்சுகளும் அடிப்பாகமும், கைக்குழாயில், அழுத்தம் குறைவாக, நேரம் அதிகமாக. வேகமாக அடிக்கும் தண்ணீர் உப்பை மடிப்புக்குள் துரத்தும், பேரிங் சீலுக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் புகும், போன மாதம் அடித்த மெழுகையும் உரித்துவிடும். தானியங்கி வாட்டர் வாஷுக்குப் போவதானால் தண்ணீரை மறுசுழற்சி செய்கிறார்களா என்று கேளுங்கள். முன்னால் போன வண்டிகளின் உப்பை நம் வண்டிக்கு அடித்துவிடக் கூடாது. கழுவியதும் கதவுகளையும் டிக்கியையும் திறந்து விளிம்புகளைத் துடையுங்கள், ரப்பர் சீலில் சிலிகான் தடவுங்கள், அப்புறம் இருபது நிமிடம் ஓட்டிக் காயவையுங்கள்.

திரும்பி வரும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தில், பின்னால் வண்டி இல்லாத இடத்தில், நான்கைந்து முறை மென்மையாக பிரேக் பிடியுங்கள். டிஸ்க் சூடாகி ஈரம் போய்விடும். சமதளத்தில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடலாம். ஈரத்தோடு நாள்கணக்கில் இறுக்கி வைத்தால் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துவதும் நல்லதல்ல. சைலன்ஸருக்குள் சேரும் தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் சூடேறாது.

ஹீட்டர் போட்ட கராஜ் காருக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். கழுவாத வண்டிக்கு அது கெடுதல். உறைந்து கிடந்த பனி அங்கே உருகி உப்பைக் கரைக்கும், வெப்பம் ஏற ஏற வினையும் வேகமெடுக்கும். காற்றோட்டமுள்ள குளிர்ந்த ஷெட் அதைவிட மேல். ஈர வண்டியின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது இன்னும் மோசம்.

காருக்குள்ளும் பாருங்கள். ஷூவில் ஒட்டி வரும் உப்புப் பனி கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் இறங்கி, தரைத் தகட்டை மேலிருந்து அரிக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போட்டு, தேங்கிய தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை கார்ப்பெட்டின் மேல் காகிதத் துண்டை வைத்து உள்ளங்கையால் ஊன்றி அழுத்துவேன். காகிதம் ஈரமானால் அன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவைப்பேன்.

பனி முடிந்ததும்

வருடத்தின் முக்கியமான கழுவல் இதுதான். வெயில் ஏறும்போது மடிப்புகளில் மிஞ்சிய உப்பு முழுவேகத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும், எனவே சாலையில் உப்பு நின்று முதல் பெருமழை பெய்ததும் லைனரையும் அடிமூடிகளையும் மறுபடி கழற்றுங்கள். வடிதுளைகளை இழை விட்டுப் பாருங்கள். இரும்பு பிரேக் பைப்புகளை, முக்கியமாக கிளிப் பிடித்திருக்கும் இடங்களில், துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உரிந்தால் பைப்பை மாற்றிவிட வேண்டும். செம்பு-நிக்கல் கலவையில் வரும் பைப் கிடைத்தால் அதையே போடுங்கள்.

அப்புறம் படம் எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே பத்து இடம், அதே கோணம், பக்கத்தில் ஒரு அளவுகோல். நினைவை நம்பினால் சின்னத் துரு வளர்வது தெரியாது, படம் காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டியில் வலப்பக்க ஜாக் முனைக்கு அருகே சுண்டுவிரல் நகமளவு ஒரு பழுப்புத் தழும்பு இருக்கிறது. ஐந்து ஆண்டுப் படங்களில் அது அளவுகோலின் 6 மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டவில்லை.